வார இறுதி வேலையும் வழிச்செலவும்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் ஏறுவோர் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நமக்கு முன் பேசியோர் அதனைக் குறைவறப் பேசிவிட்டனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'இளைஞரும் பொருளாதாரமும்' என்பது. தலைப்பு பெரிது, நேரம் சிறிது. ஆதலின் அதனுள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். ஆறு நாள் ஓரிடத்தில் உழைக்கும் நம் இளைஞர், அல்லது ஐந்து நாள் கல்லூரிக்குச் செல்லும் நம் இளைஞர், சனி ஞாயிறுகளில் வெளியூர் சென்று இரண்டாவது வேலை ஒன்று பார்ப்பது, வழிச்செலவு போகப் பயனுடையதா, இல்லையா என்பதே அக்கேள்வி.

இது மேடையில் பேசத்தக்க பொருளா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பை அவர்கள் வந்து பார்க்க வேண்டும். முகூர்த்த ஞாயிறுகளில் அவ்வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், 'கேட்டரிங் போயிருக்கிறார்கள் ஐயா' என்பது விடை. போனவர்களைக் கடிந்து பயனில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி கொடுக்க வேண்டும். ஆனால் போகிறவர் கணக்குப் பார்த்துத்தான் போகிறாரா என்பதை மட்டும் கேட்கும் உரிமை ஆசிரியர் என்ற முறையில் நமக்கு உண்டு.

வழிச்செலவு என்ற சொல்லே நம் சமுதாயத்தின் பேரேட்டில் புதிதாக ஏறிய சொல். நம் பாட்டன்மார்க்கு வேலை வாசலிலேயே கிடந்தது. களத்து வேலை, காவல் வேலை, செத்த மாட்டை அகற்றும் வேலை, பறையடிக்கும் வேலை யாவும் ஊர் எல்லைக்குள்ளேயே இருந்தன. எல்லை தாண்டிப் போக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அது இழவு சொல்லப் போவது. ஊர்ப் பெரியவர் வீட்டில் சாவு விழுந்தால், உறவினர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் இரவோடு இரவாக நடந்து போய்ச் செய்தி சொல்லிவர வேண்டியவர் நம்மவர். இருபது கல் நடந்தவர்க்கும் வழிச்செலவு என்று எவரும் கொடுத்ததில்லை. ஒரு வேளைச் சோறு கிடைக்கும். நடந்த நேரத்துக்கும் தேய்ந்த காலுக்கும் விலை உண்டு என்பதை அந்நாளில் கேட்க வாயில்லை. இன்று நம் பிள்ளை ஒருவர், 'போகவர இவ்வளவு ஆகிறது, மிச்சம் இவ்வளவு' என்று கணக்கிட உட்காருவாராயின் அதுவே ஒரு பெரிய மாற்றம். அக்கணக்கை முழுமையாகப் போட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கணக்குக்கு வருவோம். நம் பகுதியிலிருந்து அரக்கோணம் நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து சென்னைக்கு ரயிலேறிச் செல்லும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அவர் ஒரு ஜவுளிக்கடையில் ஞாயிறு மட்டும் பத்து மணி நேரம் நிற்கிறார். கூலி ரூ.700. மணிக்கு ரூ.70 என்று அவர் எண்ணிக் கொள்கிறார். இனிச் செலவை எழுதுவோம். இத்தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் தொகையை இட்டு நிரப்பிக் கொள்க.

காலையில் ஊரிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ரூ.20. ரயில் போகவர ரூ.40. சென்னையில் பேருந்து போகவர ரூ.30. பகல் சாப்பாடும் இருவேளைத் தேநீரும் ரூ.120. இவ்வளவும் எல்லோரும் எழுதுவர். எழுத மறப்பது இரவுச் செலவை. கடை மூடி, ரயில் பிடித்து, நிலையத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. அந்நேரத்தில் ஷேர் ஆட்டோ ஏது? தனி ஆட்டோ ரூ.150. மொத்தச் செலவு ரூ.360. கையில் மிஞ்சுவது ரூ.340. வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 7 மணி. வீடு திரும்பியது இரவு 11.30. ஆகப் பதினாறரை மணி நேரம். 340ஐப் பதினாறரையால் வகுத்தால் மணிக்கு இருபது ரூபாய் அறுபது காசு. எழுபது ரூபாய் என்று எண்ணிய உழைப்பு இருபது ரூபாய்க்கு விலை போயிருக்கிறது!

உடனே, 'அப்படியானால் போகாதே என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. அதே இளைஞர், அதே கடை, அதே கூலி, சிறிது மாற்றுவோம். ஊரிலிருந்து நிலையத்துக்குத் தம் வீட்டு இருசக்கர வண்டியில் சென்று நிலைய ஸ்டாண்டில் விடுகிறார், ஸ்டாண்டுக்கு ரூ.20, பெட்ரோலுக்கு ரூ.20. பகல் சோறு வீட்டிலிருந்து தூக்குவாளியில் போகிறது. தேநீர் மட்டும் ரூ.30. ரயிலும் பேருந்தும் முன்போலவே ரூ.70. மொத்தம் ரூ.140. மிச்சம் ரூ.560. ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரமும் மிச்சம். பதினைந்தரை மணிக்கு வகுத்தால் மணிக்கு ரூ.36. கூலி ஒரு காசும் உயரவில்லை. வருவாய் ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் கூலி கூட்டித் தரும் கடையைத் தேடி அலைகிறார்களேயன்றி, இரவு நிலையத்திலிருந்து வீடு வரும் கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பற்றி எண்ணுவதில்லை. பெரும்பாலும் பணம் ஒழுகுவது அங்கேதான்.

சாப்பாட்டுச் செலவைப் பற்றி ஒரு சொல். 'வீட்டிலிருந்தாலும் சாப்பிடத்தானே போகிறோம், அதை ஏன் செலவில் எழுதுவது?' என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வீட்டுச் சோற்றுக்கு ஆகும் செலவைக் கழித்துவிட்டு, ஓட்டலில் கூடுதலாகக் கொடுப்பதை மட்டும் எழுதுவதே முறை. சட்டை துவைத்துத் தேய்ப்பதும் செல்பேசிக்குக் கூடுதலாக நிரப்புவதும் இவ்வகையின. சிறு தொகைகளே, ஆயினும் மாதம் எட்டு நாள் என்று பெருக்கினால் சிறிதல்ல.

இனி ரயில் கட்டணத்தில் ஒரு நுட்பம். வார இறுதியில் மட்டும் செல்வோர் சீசன் டிக்கெட் நமக்கு எதற்கு என்று ஒவ்வொரு முறையும் தனிச் சீட்டு வாங்குகின்றனர். மாதத்தில் நான்கு சனி, நான்கு ஞாயிறு என்றால் போக எட்டு, வர எட்டு, ஆகப் பதினாறு பயணம். மாதச் சீசன் விலையை ஒருவழிக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் பதினாறுக்குக் குறைவாக இருந்தால் சீசனே மலிவு. ஞாயிறு மட்டும் போகிறவர்க்கு எட்டுப் பயணந்தான். அவர்க்குச் சீசன் நட்டம். இந்த ஒரு வகுத்தல் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் ரயில்கள் குறைவாக ஓடுகின்றன. கிழமை நாட்களின் அட்டவணையை நம்பி நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிற்பவர்களைப் பார்க்கிறோம். அந்த முக்கால் மணியும் கணக்கில் ஏறவேண்டியதே.

சென்னை வரை வண்டியிலேயே செல்வோரும் உளர். பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் போகவர 140 கிலோமீட்டரில் ரூ.280 பெட்ரோலாகவே எரிந்துவிடும். டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் பிறகு ஒரு நாள் மொத்தமாக வந்து நிற்கும். எழுநூறு ரூபாய்க் கூலிக்காக இப்படிப் போவது உழைப்பன்று. வண்டியைச் சிறுகச் சிறுக விற்பது. அதனினும் கொடிது, பத்து மணி நேரம் நின்ற உடல் இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது. நம் தெருவிலேயே வண்டியில் கண்ணயர்ந்து விழுந்து கை முறிந்த பிள்ளை ஒருவர் உண்டு. முதல் வேலையில் ஈ.எஸ்.ஐ. இருக்கலாம். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தையும் அச்சட்டத்தில் 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆனால் ஏஜெண்டு ஒருவர் செல்பேசியில் அழைத்து, இரவில் ரொக்கம் கொடுத்து அனுப்பும் வேலையில் நம் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விழுந்தவர் யாருடைய தொழிலாளி என்று கேட்டால் எவரும் கைதூக்க மாட்டார்.

கேட்டரிங் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது அதற்குத்தான். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலைச் சிற்றுண்டி, பகல் விருந்து என மூன்று பந்திக்கும் இருந்தால் நல்ல தொகை கிடைக்கிறது, மண்டபத்திலேயே படுத்துக்கொள்ளலாம், சாப்பாடும் அங்கேயே. ஒரே வழிச்செலவில் இரு நாள் வேலை முடிகிறது. கணக்குப்படி இது ஜவுளிக்கடையைவிட மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இவ்வேலை பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவது. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றில் விழுந்தால் பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஏஜெண்டின் செல்பேசி உறங்கும். தவணைக் கடனுக்கோ ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. தையில் கிடைத்த வருவாயைக் கண்டு வண்டித் தவணையில் கையெழுத்திட்டு, ஆடியில் விழிப்போர் பலர். இத்தகைய வேலையின் மாத வருவாயைக் கணக்கிட விரும்புவோர் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக் கொள்க.

இவ்விடத்தில் ஒன்றை மனந்திறந்து சொல்லிவிட வேண்டும். 'பக்கத்து டவுனிலேயே மண்டபம் இருக்கிறதே, ஏன் எழுபது கிலோமீட்டர் போகிறாய்?' என்று நாம் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் தலைகுனிந்து சிரிக்கிறார்கள். விடை நமக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்து ஊர்த் திருமணத்தில் சாம்பார் வாளியைக் கையில் எடுத்தால், 'எந்தத் தெருப் பிள்ளை?' என்ற கேள்வி வரும். கேள்வி வந்தபின் வாளி கைமாறும். இலை எடுக்கும் வேலை வரும். சென்னை மண்டபத்தில் எவரும் கேட்பதில்லை. சட்டையும் தொப்பியும் எல்லோர்க்கும் ஒன்று. நம் பிள்ளை பரிமாறியதை எல்லோரும் உண்டு எழுந்து போகிறார்கள். அங்கே பெயர் மட்டும் போதும், தெரு வேண்டாம். கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் ஏன் சொன்னார் என்பது இங்கே விளங்கும். ஆகவே அந்த எழுபது கிலோமீட்டர் கட்டணத்தை வெறும் நட்டம் என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு பகுதி மானத்துக்கு நாம் கொடுக்கும் விலை. அது எவ்வளவு பெறும் என்று அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். மற்றொருவர் எழுத முடியாது. ஆனால் எழுதத்தான் வேண்டும். 'மானத்துக்காகப் போகிறேன்' என்று தெரிந்து போகிறவர் வேறு. இலாபம் என்று மயங்கிப் போகிறவர் வேறு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை உள்ளவர், இடையில் வீடு திரும்பாமல் தங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ உறவினர் இல்லாத குடும்பம் நம் பகுதியில் அரிது. மாமன் வீட்டில் ஓரிரவு படுத்தெழுந்தால் ஒரு நடைக்கான செலவும், நான்கைந்து மணி நேரத் தூக்கமும் மிஞ்சும். மாமன் வீடும் ஓரறை வீடு என்பதை மறந்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை அரிசியோ பருப்போ வாங்கிக்கொண்டு போங்கள். அதையும் செலவில் எழுதுங்கள்.

நம் பெண்மக்களின் கணக்கு வேறு. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நகரப் பேருந்து செல்லும் தொலைவில் உள்ள வேலைக்கு அவர்கட்கு வழிச்செலவு இல்லை எனலாம். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கடை மூடினால் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு யார் துணை என்பவை பணத்தால் அளக்க முடியாதவை. ஒரு தங்கை வேலைக்குப் போவதால் ஓர் அண்ணன் இரவெல்லாம் நிறுத்தத்தில் காத்திருக்கிறான் என்றால் அவன் நேரமும் செலவே. கடை வேலையில் நாள் முழுதும் நின்றே ஆகவேண்டும் என்ற கொடுமையை நீக்க, ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தமிழகச் சட்டமன்றம் 2021 இல் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. வேலைக்குச் சேருமுன் கடைக்குள் நாற்காலி கண்ணில் படுகிறதா என்று பார்த்து வாருங்கள்.

இனி, வெளியூர் போகாமலே கிடைக்கும் வருவாயைப் பார்க்க வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் நம்மிடையே பலர். கம்பெனிப் பேருந்து ஊருக்கே வந்து அழைத்துச் செல்கிறது. மாதம் ரூ.15,000 சம்பளம் பெறுபவர்க்கு, இருபத்தாறு நாள், நாளுக்கு எட்டு மணி எனக் கணக்கிட்டால் மணிக்கு ரூ.72 ஆகிறது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த நெறி. இருமடங்கு என்றால் மணிக்கு ரூ.144. நான்கு மணி மிகைநேரம் பார்த்தால் ரூ.576. மேலே நாம் கண்ட இளைஞர், தூக்குவாளி தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் விட்டு, பதினைந்தரை மணி நேரம் பாடுபட்டுப் பெற்ற ரூ.560ஐவிட இது மிகுதி! காண்டிராக்ட் தொழிலாளர்க்கு ஒற்றைக் கூலியே கொடுக்கும் இடங்களும் உள என்பதை அறிவோம். ஆயினும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து கேட்பவர்க்கும் தெரியாமல் வாங்கிக்கொள்பவர்க்கும் வேறுபாடு உண்டு. இதனைத் தனியொருவராகக் கேட்பது கடினம். சேர்ந்து கேட்க வேண்டும்.

வார வேலை நேரத்தைப் பற்றிய செய்தி ஒன்று நம் இளைஞர் அறியத்தக்கது. ஆண்டு முழுதும் நடக்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த உச்சவரம்பை 48 மணியாகக் குறைத்தது 1946 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அதற்கான மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரே. இன்று நாற்பத்தெட்டு மணி நேரம் கம்பெனியில் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினாறரை மணி நேரம் வெளியில் கழிப்பவர்க்கு வாரம் அறுபத்து நான்கரை மணியாகிறது. அண்ணல் குறைத்துத் தந்த ஆறு மணி நேரமும் போய், அதன்மேல் பத்தரை மணியும் போகிறது. இதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டோம். முதல் வேலையின் சம்பளம் போதாமையே இதற்குக் காரணம்.

அண்ணலே இரண்டாவது வேலை பார்த்தவர்தாம். பம்பாயில் வழக்கறிஞர் தொழிலில் வருவாய் போதாத நாட்களில், 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரையாளராக வணிகச் சட்டம் கற்பித்தார். இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. வேலை அவர் வாழ்ந்த நகரிலேயே இருந்தது. கற்பித்த பாடம் அவர் தொழிலுக்கு உரியதாக இருந்தது. இரண்டாவது வேலை முதல் வேலையை வளர்த்தது. நம் பிள்ளைகளில் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஞாயிறு தோறும் உள்ளூரில் வயரிங் வேலைக்குச் செல்கிறார். கூலி சென்னையைவிடக் குறைவு, வழிச்செலவு இல்லை, கை தேர்ச்சி பெறுகிறது. ஐந்தாண்டு கழித்து அவர் எங்கே இருப்பார், வாளி தூக்குபவர் எங்கே இருப்பார் என்பதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதலாம்.

அரசுப் பணியில் சேர்ந்துவிட்டோர்க்கு இக்கேள்வியே எழாது. 1973 ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அனுமதியின்றி வேறு வேலை பார்க்கலாகாது. தனியார் கம்பெனியில் உள்ளோரும் பணி நியமன ஆணையில் அத்தகைய நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

எதற்காக இந்த இரண்டாவது வேலை என்பதுதான் முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நாம் விசாரித்த வரையில், பலர் வட்டிக்காகவே போகின்றனர். ஐம்பதாயிரம் ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. மாதம் ரூ.2,500 வட்டி மட்டும். முதலில் நாம் கண்ட இளைஞர் சனியும் ஞாயிறும் அப்படியே போய், மாதம் எட்டு நாள் உழைத்தால் எட்டு முறை 340, அதாவது ரூ.2,720 மிஞ்சும். வட்டி போக ரூ.220. ஒரு மாதத்தின் எல்லா வார இறுதிகளையும் விற்று, முதலில் இருநூற்று இருபது ரூபாய் குறைத்திருக்கிறார்! இவர் உண்மையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கவில்லை. வட்டிக்காரரிடம் வேலை பார்க்கிறார். கடைக்காரர் இடையில் நின்று கூலியைக் கைமாற்றுகிறார், அவ்வளவே. பாட்டன் பட்ட கடனுக்குப் பேரன் பண்ணையில் நின்ற கதை நமக்குப் புதிதன்று. இப்போது அது ரயிலேறிப் போகிறது.

அதே கடனை, தாயார் உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் வழியாக நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்ற முடிந்தால் வட்டி ரூ.500. மாதம் ரூ.2,000 மிச்சம். ரயில் இல்லை, ஆட்டோ இல்லை, நள்ளிரவு இல்லை. நான்கு சனி, நான்கு ஞாயிறு உழைத்துப் பெறுவதில் முக்கால் பங்குக்கு அண்மையில் வருகிறது, ஒரு கையெழுத்தினால். சிறிது நகை இருப்பின் கூட்டுறவு வங்கியின் நகைக்கடனையும் எண்ணிப் பார்க்கலாம். மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்க. ஆகவே வார இறுதி வேலை தேடுமுன், வீட்டில் உள்ள கடன்களை ஒரு தாளில் எழுதி எதற்கு எவ்வளவு வட்டி என்று பார்க்கச் சொல்கிறோம். அதிக வட்டிக் கடனை மாற்றிவிட்டு, அதன்பின் வேலைக்குப் போனால் முதல் அடைபடும். வேலையும் ஒரு நாள் முடிவுக்கு வரும். மாற்றாமல் போனால் முடிவே இல்லை.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் மட்டும். பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் மாணவர் சிலரும் பந்திக்குப் போகின்றனர். முகூர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை, வருகைப் பதிவேடு அதனை நமக்குச் சொல்லிவிடுகிறது. வந்தவரும் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்து விடுகின்றனர். இவர்களுக்கு நாம் கணக்கு எதுவும் போட்டுக் காட்டப் போவதில்லை. போக வேண்டாம். பெற்றோர்க்குப் பணமுடை என்றால் சங்கத்தின் செயலாளரிடமோ நம்மிடமோ வாருங்கள். எவர்க்கும் தெரியாமல் பேசித் தீர்ப்போம்.

தேர்வுக்குப் படிப்போர் நிலை நடுவில் உள்ளது. தொகுதி நான்கு தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அவற்றுள் நூறு வினா தமிழ். தமிழ்ப் பகுதியில் நாற்பது விழுக்காடு பெறாதவர்க்கு மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. அந்த நூறு வினாவும் நம் பள்ளிப் பாடநூல்களைக் கரைத்துக் குடித்தவர்க்கு எட்டாதவை அல்ல. ஆனால் குடிக்க நேரம் வேண்டும். ஆண்டில் ஐம்பத்திரண்டு ஞாயிறு. வகுப்பு மூன்று மணி நேரம் என்றால் நூற்றைம்பத்தாறு மணி. அதனை இழப்பவர் வேறெங்கே ஈடுசெய்வார்? இங்கேதான் ரயிலின் அருமை தெரிகிறது. அரக்கோணத்திலேயே புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும்; இரவில் சென்னையில் புறப்படும் வண்டியிலும் கிடைக்கும். காலை இரண்டு மணி நேரம் சன்னலோரம் படித்தால் அதைச் செலவுப் பத்தியிலிருந்து அடித்துவிடலாம். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் நேரத்தை அவ்வாறு அடிக்க முடியாது. இரவுப் பயணத்தையும் அடிக்கச் சொல்ல மாட்டோம். பத்து மணி நேரம் நின்றவர்க்கு எழுத்து தெரியாது, தூங்கட்டும். ஒரே கூலி தரும் இரு வேலைகளில் ஒன்று ரயில் வழியிலும் மற்றொன்று பேருந்து வழியிலும் இருந்தால் ரயில் வழியைத் தேர்ந்தெடுங்கள் என்பது படிப்பவர்க்கு நாம் சொல்லும் யோசனை.

சங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஞாயிறு காலை வகுப்பு என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு எல்லோர்க்கும் ஓய்வு நாளாக இருந்தபோது வகுத்தது. இன்று நம் இளைஞர் வீட்டில் இருப்பது செவ்வாய், வியாழன் மாலைகளில்தான். அவ்விரு நாளும் மாலை ஏழரை முதல் ஒன்பது வரை வகுப்பை மாற்றினால் மொத்த நேரம் அதே மூன்று மணி. ஆசிரியர்களுக்குச் சிறிது தொல்லை. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். இதனை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் அக்கூட்டத்துக்கு வந்து தமக்கு எந்த நாள் ஒத்துவரும் என்று சொல்ல வேண்டும். வராதவர்க்காக மற்றவர் முடிவு செய்வது முறையன்று.

கூலி, போகும் செலவு, வரும் செலவு, சாப்பாட்டில் கூடுதல், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் என்று கட்டங்கள் இட்ட தாள் ஒன்றை அச்சிட்டு வாயில் மேசையில் வைத்திருக்கிறோம். நான்கு வாரத்துக்கு இடம் உண்டு. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். நிரப்பியதை நம்மிடம் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவிடம் காட்டுங்கள்.